லீவுக்கு என்ன படம் வரைவது?



போன மே மாதம், செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே நூல் கட்டி, துணிக் கிளிப் போட்டு, சின்னச் சின்ன அட்டைகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் படம் வரைந்து, சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷ், ஒரு சொம்பு, தட்டில் மூன்று இட்லி, சட்டை, செருப்பு. நூலுக்கு நேர் கீழே, அலமாரியில் மூடி இல்லாத பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

அந்த வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு பத்துப் பதினைந்து சொற்களைத் தாண்டவில்லை. பல் துலக்கி முடித்ததும் பிரஷ் படத்தைத் தானே கழற்றிப் பாட்டிலில் போடுவான். குளித்தால் சொம்பு உள்ளே போகும். நூலில் அடுத்து என்ன தொங்குகிறதோ அதுதான் அடுத்த வேலை. பாட்டில் நிறைய நிறைய அவன் நாள் நடந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்த வழி. வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் பத்தாவது வரை படித்த அவன் அம்மா.

பள்ளிக்கூடத்துக்குப் படம் வரையவில்லையா என்று கேட்டேன்.

"அத்த பீரோ மேல ஒளிச்சி வச்சிருக்கேன் சார். லீவு விட்ட மொத நாளு அந்த அட்டயக் கையில புடிச்சிக்கினு யூனிபார்மோட வாசல்லயே நின்னான். மணி பதினொண்ணு ஆயிடுச்சி. உள்ள இழுத்தா தலைய செவுத்துல முட்டிக்கிறான். பள்ளிக்கூடம் இல்லடா, லீவுடான்னு எப்படி அவனுக்குச் சொல்றது? மத்த எல்லாத்துக்கும் படம் வரஞ்சிட்டேன். லீவுக்கு இன்னா படம் சார் வரையறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் பத்திரிகையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இந்த ஒன்பது மாதமும் அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருக்கிறது. மாசி பிறந்திருக்கும் இந்த நேரத்தில் கோடையைப் பற்றி எழுதுவது அதனால்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் பாட்டி வீடு, கிணற்றில் நீச்சல், நுங்கு மட்டை வண்டி. அவர்களுக்கு எதையும் யாரும் திட்டமிட்டுத் தர வேண்டியதில்லை. தெருவில் இறங்கினால் போதும், நாள் தானாக ஓடிவிடும். தெருவில் இறங்கி ஆட்டத்தில் சேர முடியாத பிள்ளைக்கு அதே விடுமுறை, காலுக்குக் கீழே இருந்த தரையை உருவியது போல. பள்ளிக்கூடம் அவனுக்குப் பாடம் படிக்கிற இடம் மட்டுமில்லை. அதே மணிச் சத்தம், அதே பெஞ்சு, அதே சத்துணவு, தட்டை நீட்டியதும் சிரிக்கிற அதே சமையல் அம்மா. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கால் தசையை நீட்டிவிடும் பயிற்சி ஒரு மாதம் நின்றால் தசை இறுகிப்போகும். வருஷம் முழுக்கப் பழக்கிய கழிப்பறைப் பழக்கம் போய்விடும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்த அம்மாவுக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. பையனை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அந்த மாதம் நூறு நாள் வேலைக்கு அவர் ஒரு நாள்கூடப் போகவில்லை.

இது ஒரு வீட்டுப் புலம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1979-லேயே அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம் இதைக் கேட்டுத் தீர்ப்பே எழுதியிருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் வருஷத்துக்கு 180 நாள்தான் பள்ளி, அதற்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது என்று விதி இருந்தது. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் எதிர் க்ளைன் என்று அந்த வழக்குக்குப் பெயர். நீண்ட விடுமுறையில் இந்தப் பிள்ளைகள் கற்றதை இழக்கிறார்கள், இழந்ததை மீட்க மற்றவர்களைவிட வெகுகாலம் ஆகிறது, ஆகவே எல்லோருக்கும் ஒரே 180 நாள் என்பது இவர்களுக்கு நியாயமாகாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்று அந்த நாட்டில், தேவைப்படும் பிள்ளைக்குக் கோடையிலும் பயிற்சி தொடர்வது சட்டப்படியான உரிமை. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. கலை, பண்பாடு, பொழுதுபோக்கில் பங்குபெறும் உரிமையை 29-ஆம் பிரிவிலும் விளையாட்டை 30-ஆம் பிரிவிலும் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் கோடை விடுமுறையைப் பற்றி அதில் பேச்சில்லை. மே மாதம் முழுக்க முழுக்க அம்மாக்களின் தலையில் விழுகிறது.

அந்த அம்மா முயற்சி செய்யாமலும் இல்லை. பக்கத்து டவுனில் கோடைகால முகாம் ஒன்றுக்குப் பணம் கட்டிச் சேர்த்திருக்கிறார். இரண்டாம் நாளே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்களாம். "அவங்க மேல தப்பு சொல்லல சார், முப்பது புள்ளைங்களுக்கு ஒரே ஆளு, இவன எப்படிப் பாப்பாங்க" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் நினைவு வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் தங்கை. யூனிஸின் அக்கா ரோஸ்மேரி அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தவர். என் பிள்ளையை எந்தக் கோடை முகாமிலும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு தாய் தொலைபேசியில் சொல்ல, அப்படியானால் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார் யூனிஸ். 1962 ஜூனில் மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுப் புல்வெளியிலேயே பகல்நேர முகாம் தொடங்கினார். ஏறக்குறைய முப்பத்தைந்து பிள்ளைகள். பள்ளி, கல்லூரி மாணவர்களைத் தேடிப் பிடித்து, கிட்டத்தட்ட ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று துணைக்கு வைத்தார். நீச்சல், பந்து, குதிரைச் சவாரி. ஒவ்வொரு கோடையிலும் நடந்த அந்த முகாமிலிருந்துதான் 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பிறந்தது. பணக்காரக் குடும்பம், பெரிய புல்வெளி, உண்மைதான். ஆனால் அந்த முகாமை நடத்திக் காட்டியது புல்வெளி அல்ல, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கு. அந்தக் கணக்கு நமக்கும் எட்டும்.

பக்கத்து மாநிலத்தில் வேறு விதமாக எட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சி, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களின் துணையோடு 'பட்ஸ்' என்ற சிறப்புப் பள்ளியைத் தொடங்கியது. பிறகு ஊராட்சி ஊராட்சியாக அது பரவியது. தெருவிளக்கு, குடிநீர் போல இந்தப் பிள்ளைகளும் ஊராட்சியின் பொறுப்பு என்று ஒரு கிராமம் நினைத்தது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் சித்ரா ஷா 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி இருக்கிறது. முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்று செஞ்சிக்காரர்கள் சொல்ல முடியாது.

நம் செஞ்சியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாமை எப்படி நடத்தலாம்? சிறப்புப் பயிற்றுநர்கள், பெற்றோர்கள், ஓர் இயன்முறை மருத்துவர் என்று பலரிடமும் இந்த மாதங்களில் பேசியதிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சிறியதாக நினைக்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள் போதும், பத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளைக்கு ஒரு துணை; நாளுக்கொரு ஆள் மாறக் கூடாது, கடைசி நாள்வரை அதே அண்ணன், அதே அக்கா. மே மாதத்தில் மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஏழரை முதல் பத்து மணிவரை. அதற்கு மேல் செஞ்சியில் முடியாது. மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் நம் பாறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வைக்கலாமே என்றால், பகல் முழுக்க வெயில் குடித்த பாறை இருட்டிய பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். இடம், சாய்தளமும் கழிப்பறையும் மின்விசிறியும் உள்ள ஒரு பள்ளி வகுப்பறை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். அதைப் பங்குனியிலேயே அம்மாவிடம் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும். எதைக் கண்டால் சிரிப்பான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், ஒன்றுக்கு வந்தால் எப்படிக் காட்டுவான், என்ன மாத்திரை, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும். இது சம்பிரதாயத்துக்கு நிரப்பும் படிவம் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைத்துவிடும். அந்தப் பிள்ளை வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே உடம்பு கொதித்துவிடும். ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டு. அவர்கள் வரும் அறையில் பலூன் கட்டவே கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது. பிள்ளைகள் முகாம் என்றதும் நாம் முதலில் செய்வது பலூன் கட்டுவதும் வெயிலில் ஓடவிடுவதும்தான். ஆசையாகச் செய்வதே ஆபத்தாகிவிடும்.

அந்தத் தாளின் கீழே இரண்டே இரண்டு இலக்கு எழுதிக்கொள்ள வேண்டும். சட்டைப் பித்தான் போடுவது, தண்ணீர் வேண்டும் என்று படத்தைக் காட்டிக் கேட்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, இப்படி. அ, ஆ எழுத வைக்கிறேன், நூறுவரை எண்ண வைக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். மூன்று வாரத்தில் ஒரு பிள்ளை தானாகப் பித்தான் போடப் பழகினால் அது அந்த அம்மாவுக்குக் காலையில் கால் மணி நேரம், வருஷம் முழுக்க.

பொருள்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை இருக்கிறது. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்த வேண்டும். பித்தானுக்கும் பென்சிலுக்கும் வேண்டிய பிடி அதேதான். ஒரு வீட்டில் பார்த்தேன், மூளை முடக்குவாதம் உள்ள பெண் பிள்ளை இடது கையால் ஒரு மல்லாட்டையைத் தரையோடு அமுக்கிப் பிடித்து, வலது கட்டைவிரலால் ஐந்தாறு தடவை முயன்று, கடைசியில் 'டப்' என்று ஓடு பிளந்ததும் நிமிர்ந்து எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். உரித்த பருப்பை அப்படியே வாயில் போடக் கொடுக்காமல் அவள் பாட்டி வாங்கிக்கொண்டாள், துவையல் அரைத்துத் தர. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. பல்லாங்குழியும் அப்படித்தான். பதினான்கு குழி, குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போக வேண்டும், எதிராளி ஆடும்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பலகை எந்த ஊரிலும் விற்கவில்லை.

எல்லா நாளும் ஒரே வரிசை. வணக்கம், தண்ணீர், கை வேலை, ஆட்டம், பலகாரம், பாட்டு, செருப்பு. திங்கட்கிழமை பாட்டு முதலில், செவ்வாய்க்கிழமை ஆட்டம் முதலில் என்று மாற்றி மாற்றி வைத்தால் பெரியவர்களுக்குச் சலிப்பு தட்டாது. பிள்ளைகளுக்குத்தான் தலை சுற்றும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1972-ல் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் திட்டத்தின் அடிப்படையே இதுதான். அடுத்தது என்ன என்பதைக் கண்ணால் பார்க்கும்படி வை, முடிந்தது என்பதையும் கண்ணால் பார்க்கும்படி வை. மேல்மலையனூர் சாலையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் கிடைத்தது. ஏப்ரலில், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, முகாம் நடக்கப்போகும் அறைக்குப் பிள்ளையை இரண்டு தடவை கூட்டிப்போக வேண்டும். துணைக்கு வரப்போகும் அண்ணனோ அக்காவோ அவன் வீட்டுக்கும் இரண்டு தடவை போய்வர வேண்டும். அறையின் கதவையும் அந்த முகத்தையும் ஒரு போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டிவிட்டால், பள்ளிக்கூடப் படத்தை எடுத்த இடத்தில் மாட்ட ஒன்று இருக்கும். லீவுக்கான படம் அந்தக் கதவுதான். முடிக்கும்போதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசி வாரம் காலண்டரில் நாளுக்கு ஒரு கோடு அடித்து, இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று காட்டிவிட்டே முடிக்க வேண்டும்.

கோட்டைக்கு ஒரு நாள் போகத்தான் வேண்டும். செஞ்சிப் பிள்ளைகள் ஆயிற்றே. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் நம் செஞ்சி ஒன்றுதான். அந்தச் செய்தி வந்த அன்று ஊரே பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு. ராஜகிரி ஏற வேண்டாம். அடிவாரத்திலேயே கல்யாண மகால் இருக்கிறது, குதிரை லாயம், நெற்களஞ்சியம் இருக்கின்றன. தேசிங்குராஜன் கதையைக் குதிரைக் குளம்புச் சத்தத்தோடு சொல்ல ஒரு தாத்தா கிடைத்தால் போதும். களஞ்சியத்துக்குள் குரல் கொடுத்தால் எதிரொலிக்கும். பார்வையில்லாத பிள்ளை அந்த எதிரொலியிலேயே அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்வான். சத்தம் தாங்காத பிள்ளையை அங்கே கூட்டிப்போகக் கூடாது, அவனை மர நிழலில் உட்கார வைத்துக் கல்லைத் தொட்டுப் பார்க்க விடலாம். திறந்ததும் உள்ளே போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். யானைக்குளத்துப் படிப் பக்கம் போகவே வேண்டாம். பலகாரப் பையை வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் விடாது. தொல்லியல் துறைக்கு ஒரு வேண்டுகோள்: உலகம் பார்க்க வரும் இடமாகிவிட்டது, அடிவாரக் கட்டடங்களுக்காவது சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும் பாதையும், தொட்டுப் பார்க்கும்படி கோட்டையின் மாதிரி வடிவம் ஒன்றும் அமைத்துத் தாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லத் தோன்றுகிறது. நிறைவு நாளில் மேடை போட்டு, மைக் கட்டி, பொன்னாடை போர்த்தி இரண்டு மணி நேரம் பேச வேண்டாம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள், அம்மாக்கள் அவர்களை வாசலில் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காசை ஆட்டோ வாடகைக்கு வையுங்கள். கிராமத்திலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகும் ஆட்டோதான் இந்த முகாமின் மிகப் பெரிய செலவு. அது இல்லாவிட்டால் டவுன் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள்.

காலை ஏழரை முதல் பத்துவரை அந்த அம்மாக்களை முகாம் வாசலில் உட்கார வைக்காதீர்கள் என்பதும் என் ஆசை. வேலைக்குப் போகட்டும், ரேஷன் கடைக்குப் போகட்டும், வீட்டில் படுத்துத் தூங்கட்டும். அந்த இரண்டரை மணி நேரம் அவர்களுடையது.

செஞ்சி வாசகர்கள் இந்த வாரமே வட்டார வள மையத்துக்குப் போய், உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஒன்றியத்தில் கேளுங்கள். ஒரு வகுப்பறை தர முடிந்த தலைமையாசிரியர், வண்டி தர முடிந்த ஆட்டோக்காரர், மூன்று வாரம் வர முடிந்த கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கதை சொல்லும் தாத்தா யாராக இருந்தாலும் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரை யாரோடு சேர்க்க வேண்டுமோ சேர்த்துவிடுவது எங்கள் வேலை. பள்ளிகளுக்கு விடுமுறை விட இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்